பார்ப்பதெல்லாம் அப்படியேதான் இருக்கிறதா? கண்ணாடிக் கடைக்கு வந்த கேள்விகள்

டெல்லி கரோல் பாகில் ஒரு கண்ணாடிக் கடையில் 18 வருடமாகப் பவர் செக் செய்கிறேன். போன மாதம் மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் 'கண் எப்படிப் பார்க்கிறது' என்று ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேச்சு கண்ணில் ஆரம்பித்து, உலகம் நிஜமா, நான் யார் என்கிற வரைக்கும் போய்விட்டது. அதற்கு அப்புறமும் லிஃப்டில், கடையில், காய்கறி வண்டி பக்கத்தில் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

கண் கேமரா மாதிரிதானே? எதிரில் இருப்பதை அப்படியே படம் பிடிக்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது?

கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் நமக்குக் கூர்மையாகத் தெரிவது கிட்டத்தட்ட அந்த நகத்தின் அளவுதான். சுற்றியிருப்பதெல்லாம் மங்கல். ஆனால் அறை முழுக்கத் துல்லியமாகத் தெரிவது போலத்தானே இருக்கிறது? கண் நொடிக்கு மூன்று தடவை போல இங்கும் அங்கும் தாவுகிறது, மூளை அந்தத் துண்டுகளை ஒட்டி ஒரே படமாகக் காட்டுகிறது. தாவும்போது வரும் கலங்கலை நமக்குக் காட்டுவதே இல்லை. சந்தேகமாக இருந்தால் கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடது. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

இன்னொன்று, இதைப் பிள்ளைகள் ரொம்பவே ரசித்தார்கள். கோடு போட்ட நோட்டில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலது பக்கம், அதே வரியில், 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி நோட்டை மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் வாக்கில் பொட்டு காணாமல் போய்விடும். விழித்திரையிலிருந்து நரம்பு வெளியே போகும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை, பொட்டு அங்கே விழுகிறது. 1660களில் மாரியோத் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது இது.

பொட்டு மறைவதை விட எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது வேறு. அந்த இடத்தில் ஓட்டையோ கறுப்போ தெரியாது. நோட்டின் கோடு அறுபடாமல் ஓடுவது போலத் தெரியும். அங்கே கோடு இருக்கிறது என்று கண் சொல்லவில்லை, இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று மூளை போட்டுக்கொள்கிறது. இந்தத் திட்டு நம் எல்லோருக்கும் இரண்டு கண்ணிலும் பிறந்ததிலிருந்து இருக்கிறது, ஒரு நாளாவது அதைக் கவனித்திருக்கிறோமா? ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1860களிலேயே இதற்கெல்லாம் பொதுவாக ஒரு விளக்கம் சொன்னார்: பார்ப்பது என்பது நாம் அறியாமல் செய்கிற ஊகம். 18 வருடம் இந்த வேலை பார்த்த பிறகு, அதை விடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, அது உண்மையா?

பழமொழி சொல்லும் கருத்து சரி, எடுத்துக்கொண்ட நோய் தப்பு. காமாலை வந்தால் கண்ணின் வெள்ளைப்பகுதி மஞ்சளாகும், அதை அடுத்தவர்கள்தான் பார்க்கிறார்கள். காமாலைக்காரருக்குச் சோறு வெள்ளையாகத்தான் தெரியும்.

உலகத்தை நிஜமாகவே மஞ்சளாக்குவது புரை. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆனால் இது பத்து இருபது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் மூளையும் கூடவே கணக்கை மாற்றிக்கொண்டு போகிறது. வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது. ஒன்றும் மாறவில்லை என்றுதான் ஒவ்வொரு பெரியவரும் சொல்வார்.

என் அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். சோபாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். வலது கண்ணைக் கையால் மறைத்தாள், எடுத்தாள். இடது கண்ணை மறைத்தாள், எடுத்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது, அவள் தொடவில்லை. "ஏண்டி, இந்தக் கண்ணுல சுவர் வெள்ளையா இருக்கு. அந்தக் கண்ணுல டிகாக்‌ஷன் கொட்டின மாதிரி இருக்கு. எத்தனை வருஷமா இப்படிப் பார்த்துண்டிருந்தேன்?" என்றாள். அப்புறம் எழுந்து போய் பீரோவைத் திறந்து, முந்தின தீபாவளிக்குப் போட்ட ரவிக்கையை எடுத்து வந்தாள். கறுப்புப் புடவைக்குக் கறுப்பு ரவிக்கை என்று சாதித்தது அது, நாங்கள் கருநீலம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒவ்வொரு கண்ணாக வைத்துப் பார்த்தாள். "நீலம்தான்" என்றாள், ரொம்ப மெதுவாக.

பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இப்படித்தான். 1923இல் ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்துக்கொண்ட பிறகு, எல்லாம் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று அவதிப்பட்டார். வாழ்நாள் முழுக்க நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண் கிடைக்கும் வரைக்கும் நம் கண்ணின் நிறம் நமக்குத் தெரியாது என்பதை அம்மாவிடமிருந்துதான் நான் நேரில் கற்றுக்கொண்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இதுவும் தப்பா?

இல்லை, இது அப்படியே சரி. ஊகம் எப்போது பெரிதாகும்? கண் தரும் தகவல் குறையும்போது. இருட்டில் நிறம் தெரியாது, விளிம்பு தெரியாது, கூர்மையாகப் பார்க்கும் நடுப்பகுதி மங்கிய ஒளியில் ஏறக்குறைய வேலையே செய்யாது. மீதியை மனதில் ஏற்கெனவே இருப்பது நிரப்புகிறது. பயம் இருந்தால் பயம் நிரப்பும். கயிற்றைப் பாம்பாகப் பார்த்துத் துள்ளுவதும் அதுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாம்பைக் கயிறு என்று நினைத்தவர்களை விட, கயிற்றைப் பாம்பு என்று நினைத்துக் குதித்தவர்கள்தானே பிழைத்திருப்பார்கள்?

புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தரை சரிவாக இருக்கிறது, படிக்கட்டு மேலே வருகிறது. பவர் தப்பாகப் போட்டுவிட்டீர்களா?

இது கடையில் தினமும் வரும் கேள்வி, முக்கியமாக சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்வது) புதிதாகப் போடுபவர்களும் ப்ரோக்ரெசிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) வாங்குபவர்களும் கேட்பது. பெரும்பாலும் பவர் சரியாகவே இருக்கும். இந்த லென்ஸ்கள் படத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றுகின்றன, பழைய படத்துக்கே பழகிய மூளை தன் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் விடாமல் போடுங்கள், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அப்பவும் சரியாகவில்லை என்றால் திரும்ப வாருங்கள், பார்க்கலாம். கழற்றிக் கழற்றிப் போட்டால் மட்டும் பழகாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. அமெரிக்காவில் ஸ்ட்ராட்டன் என்பவர் 1890களில், உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் கட்டிக்கொண்டு, மற்றதை மூடிக்கொண்டு எட்டு நாள் வாழ்ந்து பார்த்தார். முதல் நாள் ஒரு டம்ளரைக்கூட எடுக்க முடியாமல் தடுமாறியவர், கடைசி நாட்களில் சாதாரணமாக நடமாடினார். லென்ஸைக் கழற்றியபோது, மணிக்கணக்கில் சாதாரண உலகம்தான் குழப்பமாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை, நடந்தார், தொட்டார், எடுத்தார், இடித்துக்கொண்டார். அதனால்தான் நானும் வாடிக்கையாளர்களைப் புதுக் கண்ணாடியோடு வெளியே நடந்துவிட்டு வரச் சொல்கிறேன்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், எல்லாம் புரிந்துவிடுமா?

இந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அவனுக்கு முன்னால் 1688இல் டப்ளினில் இருந்த மோலினோ என்பவர் தத்துவவாதி லாக்குக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: தொட்டுப் பார்த்தே உருண்டையையும் கனசதுரத்தையும் தெரிந்துகொண்ட ஒருவருக்குப் பார்வை வந்தால், தொடாமல், பார்த்தே எது எது என்று சொல்ல முடியுமா? மோலினோவின் மனைவி பார்வை இழந்தவர், அவருக்கு இது வெறும் தத்துவப் புதிர் இல்லை. அதற்கப்புறம் முன்னூறு வருடத்துக்கு மேல் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நேரடியான பதில் கிடைத்தது இங்கே, நம் டெல்லியில். ஐ.ஐ.டி. டெல்லியில் படித்து அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, பிரகாஷ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிறவியிலேயே புரையோடு பிறந்து, வசதி இல்லாமல் சிகிச்சை கிடைக்காமல் போன குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பார்வை கொடுப்பது முதல் வேலை, அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதைக் கவனிப்பது அடுத்தது. 8 முதல் 17 வயது வரையான 5 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. கையால் தொட்ட பொருளைக் கண்ணால் அடையாளம் காட்ட, ஆபரேஷன் முடிந்த கையோடு அவர்களால் முடியவில்லை, குருட்டாம்போக்கில் சொல்வதை விடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் சில நாளிலேயே முடிந்தது! பார்வை வந்த சில நாளில் கைக்கும் கண்ணுக்கும் முடிச்சு விழுந்துவிட்டது.

ஒரு சின்னக் குறிப்பையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே பழக்கம்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளின் முனையில் அம்புக்குறிகளை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் போட்டால் ஒன்று நீளமாகத் தெரியுமே, அந்தச் சித்திரத்தில் இந்தத் திட்டத்துக் குழந்தைகளும் பார்வை கிடைத்த இரண்டொரு நாளிலேயே ஏமாந்தார்கள். சில ஊகங்கள் பார்த்துப் பழகாமலே உள்ளே இருக்கின்றன.

இது கண்ணுக்கு மட்டும்தானா? காது?

டெல்லியில் வாழும் தமிழரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது! இந்தியில் காலி என்றால் வெற்று, காலி என்றால் வசவு, காலி என்றால் கறுப்பி. மூன்றையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும், ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு ஒரே மாதிரிதான் காதிலும் விழும். நான் வந்த புதிதில் ஆட்டோவை நிறுத்தி 'காலி ஹை?' என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் ஒரு நொடி என்னையே பார்ப்பார்கள். சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குப் பிடிபட மாதக்கணக்கானது.

இங்கேயே பிறந்த என் பையனுக்கு அந்த மூன்றும் மூன்று தனிச் சொற்கள். ஆனால் வலி, வழி, வளி மூன்றும் ஒன்று. எத்தனை தடவை சொல்லிக் காட்டினாலும் "அதேதானேம்மா சொன்னேன்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் கேட்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளர் செய்து 1984இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. நமக்கு இரவும் பகலும் போல வேறுபடும் த, ட இரண்டையும் இந்தியில் பேசி, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். 6, 8 மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலானவற்றுக்கு அது போய்விட்டது. சுற்றியிருப்பவர்களின் பேச்சில் எது முக்கியமோ அதைக் கூர்மையாக்கிக்கொண்டு மற்றதைக் காது ஓரம் கட்டிவிடுகிறது. பெரியவர்களான பிறகும் பழகினால் ஓரளவு திரும்ப வரும், எனக்கு வந்தது.

நம்மை எல்லாம் 'மதராசி' என்கிறார்களே, அதுவும் இந்த மாதிரிதானா?

என் பதில் ஆமாம் என்பதுதான், கேட்டவருக்கு அது பிடிக்கவில்லை. கன்னடம், தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் ஒரே 'மதராசி'யாகக் காதில் விழுவது, எனக்குக் காலி மூன்றும் ஒன்றாக விழுந்தது போலத்தான். கோபம் வருவது நியாயம், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் நாம் ஊருக்குப் போனால் என்ன சொல்கிறோம்? எங்கள் மாடியில் இருப்பவர்கள் கட்வாலிகள், எதிர்வீடு பஞ்சாபி, கடையில் என்னோடு வேலை செய்பவர் மைதிலி பேசும் பிகார்க்காரர். கும்பகோணத்தில் உட்கார்ந்து பேசும்போது எல்லோரும் 'இந்திக்காரங்க' ஆகிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்கக் கற்காத கண்ணுக்கு முகங்கள்கூட ஒன்று போலத்தான் தெரியும், பழக்கமில்லாத இனத்தவரின் முகங்களை அடையாளம் காண்பதில் நாம் அதிகம் தவறுகிறோம் என்பது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட விஷயம். இதற்கு மருந்து பழகுவதுதான். கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரே படத்தை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு நிறம் தெரியுமா?

2015இல் ஒரு கவுன் படம் சுற்றியது நினைவிருக்கும். எங்கள் வீட்டிலேயே சண்டை, எனக்கு வெள்ளையும் தங்கமும், என் கணவருக்கு நீலமும் கறுப்பும். நிஜத்தில் அந்தத் துணி நீலமும் கறுப்பும்தான். படத்தில் வெளிச்சம் எப்படி விழுந்தது என்று சரியாகத் தெரியாததால், நிழலில் இருக்கிறது என்று யாருடைய மூளை எடுத்துக்கொண்டதோ அவர்களுக்கு வெள்ளை. நானே முயன்றும் என்னால் மாற்றிப் பார்க்க முடியவில்லை. உண்மை தெரிந்த பிறகும் கண் கேட்கவில்லை.

அப்படியென்றால் எல்லாமே மாயைதானே? சங்கரர் அன்றைக்கே சொல்லிவிட்டாரே?

இதற்குத்தான் அதிகம் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது, இதில் எனக்கு அக்கறையும் அதிகம். முதலில், கயிறு-பாம்பு உவமையைப் பிரபலமாக்கிய அதே சங்கரர், பிரம்ம சூத்திர உரையில், வெளியே பொருளே இல்லை, எல்லாம் எண்ணம்தான் என்ற பௌத்தப் பிரிவை எதிர்த்து வாதாடுகிறார். விழித்திருக்கும்போது காண்பது கனவு போன்றது இல்லை என்று அங்கே தெளிவாகச் சொல்கிறார். அவரைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, டெல்லியின் நவம்பர் காற்று. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி, வண்டியை விட்டு இறங்கியதும் புகை வாசனை மூக்கில் அடிக்கும், தொண்டை கரகரக்கும். மறுநாள் காலை வாசனையே இருக்காது. காற்று மாறியிருக்காது, மூக்குதான் பழகிவிட்டது. அதிலும் நம்மை அதிகம் பாதிக்கும் தூசி 2.5 மைக்ரான், அதற்கும் கீழே, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, நுரையீரலுக்குப் போய்விடும். 'எனக்கு ஒண்ணும் தெரியலையே, இன்னைக்குக் காத்து நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிப் பிள்ளைகளை விளையாட அனுப்புகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, மூக்கை நம்பாதீர்கள், அளவு காட்டும் எண்ணைப் பாருங்கள். நாம் உணர்வது ஊகம் என்றால் வெளியே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. வெளியே இருப்பது நாம் உணர்கிறோமா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கருநீல ரவிக்கை அந்தத் தீபாவளி முழுக்கக் கருநீலமாகத்தான் இருந்தது.

பாட்டிக்கு வீட்டில் யாரோ குழந்தைகள் உட்கார்ந்திருப்பது தெரிகிறதாம். பயமாக இருக்கிறது. புத்தி பேதலிக்கிறதா?

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். வயதானவர்களுக்கு விழித்திரைக் கோளாறாலோ கண் அழுத்தத்தாலோ பார்வை நன்றாகக் குறைந்தபின், சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். சின்னச் சின்ன மனிதர்கள், குழந்தைகள், பூ வேலைப்பாடு, கட்டம் போட்ட துணி மாதிரி ஏதாவது. சத்தம் வராது, அவை பேசாது. பெரும்பாலும் இது நிஜமில்லை என்று அவர்களுக்கே தெரியும். ஸ்விட்சர்லாந்தின் சார்ல் போனே என்ற இயற்கை ஆய்வாளர் தன் தாத்தாவுக்கு இப்படி வந்ததை 1760இல் எழுதி வைத்தார், அவர் பெயரில்தான் இன்றும் இதைச் சொல்கிறார்கள். கண்ணிலிருந்து தகவல் வராமல் போகும்போது மூளை சும்மா இருப்பதில்லை, தானே படம் போடுகிறது. ஸ்டிக்கர் பொட்டு மறைந்த இடத்தில் கோடு வரைந்தது போல, இன்னும் பெரிய அளவில்.

எத்தனையோ பெரியவர்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. ஒரு அம்மாள், எழுபது வயதுக்கு மேலே, மகள் ஃப்ரேம் பார்க்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதேம்மா, பேய்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, இல்லேன்னா பைத்தியம்பாங்க" என்றார். இரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்தார். இது கண் சம்பந்தப்பட்டது, பேயும் இல்லை பைத்தியமும் இல்லை என்று நான் சொன்னதும் அவர் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விளக்கைப் போடுவது, கண்ணை வேகமாக இடமும் வலமும் அசைப்பது, எழுந்து நடப்பது எல்லாம் பலருக்கு அந்த உருவத்தைக் கலைத்துவிடும். கூடவே குரலும் கேட்கிறது, அல்லது அவை நிஜம் என்றே பாட்டி நம்புகிறார், அல்லது மறதியும் குழப்பமும் சேர்ந்து வருகிறது என்றால் அது வேறு விஷயமாக இருக்கலாம், மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, வெளியே இருப்பதைத் தப்பாகப் பார்க்கலாம். என்னையே நான் தப்பாகப் பார்க்க முடியுமா?

கடையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று ஃப்ரேமைப் போட்டு, நன்றாக இருக்கிறது என்று சிரிப்பாள். உடனே ஃபோனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவாள். படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கும், "நல்லாவே இல்லையே" என்பாள். கூட வந்த தோழி படத்தைப் பார்த்து "இதுல என்ன? நீ இப்படித்தானே இருப்பே" என்பாள். இரண்டு பேரும் சொல்வது உண்மை. கண்ணாடியில் நமக்குத் தெரிவது இடம் வலம் மாறிய முகம், அதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறோம். மற்றவர்கள் பார்த்துப் பழகியது மாறாத முகத்தை. 1977இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், பெண்கள் தங்கள் படத்தில் கண்ணாடி பிம்பம் போன்றதையே விரும்பினார்கள், அவர்களுடைய தோழிகள் நேரான படத்தை விரும்பினார்கள். நம் முகத்தை நாம் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, யோசித்துப் பாருங்கள்.

குரலும் அப்படித்தான். வாட்ஸாப்பில் அனுப்பிய நம் குரலை நாமே கேட்டால் ஏன் மெலிந்து, வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது? பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது, அதனால் கொஞ்சம் கனத்துக் கேட்கும். அந்தக் கனத்த குரலைக் கேட்டவர் உலகத்திலேயே நாம் ஒருவர்தான்.

உடம்பு? 1998இல் வெளியான ஒரு சோதனை. ஒருவரின் கையை மறைத்துவிட்டு, முன்னால் ரப்பர் கை ஒன்றை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி பிரஷ்ஷால் வருடினார்கள். சில நிமிடத்தில் அந்த ரப்பர் கையையே தன் கை என்று பலரும் உணர்ந்தார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம், கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கை வலிப்பது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்தார். பல வருடமாக இறுகி மூடிக் கிடந்த 'கை' விரிவதைச் சிலர் உணர்ந்தார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனாலும் ஒரு கண்ணாடித் துண்டு ஒரு மனிதருடைய உடம்பின் எல்லையை மாற்ற முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

நாம் எல்லோரும் அனுபவித்தது ஒன்றும் உண்டு. புதுடெல்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம். வண்டி கிளம்பிவிட்டது போல உடம்பே முன்னால் போகும், வழியனுப்ப வந்தவர்களுக்குக் கைகூடக் காட்டிவிடுவோம். பார்த்தால் நகர்ந்தது பக்கத்து வண்டி. நான் நகர்கிறேனா நிற்கிறேனா என்பதைக்கூட ஜன்னலைப் பார்த்துத்தான் மூளை முடிவு செய்கிறது.

அப்போ 'நான்' என்பது என்ன? அதுவும் ஊகமா?

கண் பரிசோதிப்பவளிடம் கேட்டால் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். என் முகத்துக்குக் கண்ணாடி, குரலுக்குப் பதிவு, நடைக்கு ஜன்னல், குணத்துக்கு மற்றவர்கள். இங்கே 18 வருடமாக நான் மதராசி, கும்பகோணத்தில் டெல்லிக்காரி. அங்கே போனால் என் பேச்சில் இந்தி வாடை என்கிறார்கள், இங்கே என் இந்தியில் தமிழ் வாடை என்கிறார்கள், எனக்கு இரண்டும் கேட்பதில்லை. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தேடினால் உண்மையான நான் தனியாகக் கிடைப்பாள் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கேட்பதும் என் ஒரு பகுதிதான், அம்மாவுக்கு வலது கண் காட்டியது போல. மற்றவர்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் இல்லை, அவர்கள் கண்ணிலும் புரை இருக்கலாம். அதனால் ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு நம்மை முடிவு செய்யக் கூடாது, அந்த ஒருவர் நாமாகவே இருந்தாலும்.

அம்மாவுக்கு இரண்டாவது கண்ணும் ஆபரேஷன் ஆயிற்றா?

ஆயிற்று, மூன்று மாதம் கழித்து. இப்போது இரண்டு கண்ணிலும் பளிச்சென்று தெரிகிறது, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்கிறாள். போன வாரம் இதை எழுதுவதற்காக, அன்றைக்கு அந்தச் சுவரைப் பார்த்து என்ன சொன்னாய் என்று கேட்டேன். டிகாக்‌ஷன் கொட்டின மாதிரி என்று சொன்னதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா ஒரு கண்ணைக் கையால் மறைத்தாள், எடுத்தாள், மற்றதை மறைத்தாள், எடுத்தாள். "அப்படியா சொன்னேன்? இது எப்பவும் வெள்ளையாத்தானேடி இருந்தது" என்றாள்.